இனிய குரலுக்கு ஏற்ற பணி



பாண்டு வாத்தியக் குழுக்களில் நெடுநாளாக ஒலிக்கும் குறை ஒன்றுண்டு. கார்னெட் வாசிப்பவருக்கு மெட்டு முழுவதும் கிடைக்கின்றது. யூபோனியம் வாசிப்பவரோ அடிச்சுருதியை மட்டுமே ஊதி ஊதிச் சலிப்படைகின்றார். திறமையுள்ள பிள்ளைகள் பலர் இவ்வாறே கருவியைக் கீழே வைத்துவிடுகின்றனர். இது கருவியின் குற்றமா? அன்று. தேர்ந்தெடுத்த இசையின் குற்றமே ஆகும்.

இனிய ஓசையுடையது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே யூபோனியம் என்னும் பெயர். 1840களில் ஜெர்மானிய நாட்டில் உருப்பெற்ற இக்கருவியின் குழாய் படிப்படியாக அகன்று செல்வது. ஆதலின் டிரோம்போனின் கூர்மை இதற்கில்லை. கனிந்த ஆண்குரலின் இனிமை உண்டு. அக்குரலுக்கு ஏற்ற இசையை எங்கே தேடுவது?

முதலில் பிரிட்டிஷ் பித்தளை இசைக்குழு மரபை நாடலாம். ஏறத்தாழ 25 ஊதுகருவிகள் கொண்ட அக்குழுவில் இரண்டு யூபோனியங்கள் உண்டு. நரம்புக் கருவிகள் இல்லாமையால், செல்லோ பாடவேண்டிய மெட்டுகள் யூபோனியத்தின் பங்காகின்றன. கிறிஸ்டல் பேலஸில் நடைபெற்ற தேசியப் போட்டிக்கென 1928இல் ஹோல்ஸ்ட் 'மூர்சைடு சூட்' என்னும் படைப்பையும், 1930இல் எல்கர் 'செவர்ன் சூட்' என்னும் படைப்பையும் அளித்தனர். போட்டிக்கென எழுதப்பட்ட இசை எல்லாக் கலைஞரின் திறமையையும் சோதிப்பது. ஆகவே எவருக்கும் வெறும் பாரம் சுமக்கும் வேலை மட்டும் தரப்படுவதில்லை. தனித்து ஒலிக்க விழைவோருக்கு ஜோசப் ஹாரோவிட்ஸ் 1972இல் இயற்றிய யூபோனியம் கான்செர்ட்டோ இருக்கின்றது.

சிறு குழுவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு டிரம்பெட்டுகள், ஹார்ன், டிரோம்போன், டூபா என்பதே ஐவர் குழுவின் வழக்கமான அமைப்பு. மால்கம் ஆர்னால்டின் 1961ஆம் ஆண்டுப் படைப்பும் அத்தகையதே. அதில் யூபோனியத்திற்கு இடமில்லை. ஆனால் பிரிட்டிஷ் நால்வர் குழுவிலோ இரண்டு கார்னெட்டுகளோடும் டெனர் ஹார்னோடும் யூபோனியம் சமபங்காளியாக அமர்கின்றது. நான்கு பேர் மட்டுமே இருக்கும்போது ஒளிந்துகொள்ள இடமேது?

பழைய டிரோம்போன் இசையும் நல்ல சுரங்கம். வெனிஸ் நகரின் கபிரியேலி 1597இல் வெளியிட்ட படைப்புகளும், லின்ஸ் நகரில் இறந்தோர் நினைவு நாளுக்கென 1812இல் பேத்தோவன் எழுதிய 'எக்வாலே' மூன்றும் யூபோனியத்தில் உருக்கமாக ஒலிக்கும். ஆனால் பிரிட்டிஷ் இசைத்தாள்களில் யூபோனியம் டிரெபிள் கிளெஃபில், ஒலிப்பதைவிட ஒன்பது சுர இடைவெளி உயர்த்தி எழுதப்படுவது. டிரோம்போன் தாள்களோ ஒலிக்கும் சுருதியிலேயே அமைந்தவை. இரண்டையும் படிக்கப் பழகியவருக்கு இரு களஞ்சியங்களும் திறக்கும்.

இசைத்தாளை வாங்குமுன் குழுத்தலைவர் யூபோனியத்தின் வரியை மட்டும் தனியே படித்துப் பார்க்கட்டும். டூபாவின் நிழலாகவே அது செல்கின்றதா? எட்டு அளவேனும் தனக்கென ஒரு மெட்டு உண்டா? மூச்சு வாங்க இடமுண்டா?

குழுவில் எல்லாரும் எப்போதும் முதன்மை பெறுதல் இயலாது. ஆயினும் ஒவ்வொருவர் குரலும் ஒருமுறையேனும் தெளிவாகக் கேட்கும்படி இசையைத் தேர்வது தலைவரின் கடமை. அக்கடமையில் தவறினால், நாம் இழப்பது ஒரு கருவியை அன்று. ஒரு பிள்ளையின் ஆர்வத்தை.