கைநாட்டுக்கு எதுக்கு ஓட்டு?

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டன் மக்கள் முந்தின நாள் போட்ட ஓட்டின் முடிவு வந்துவிட்டது. விலகச் சொன்னவர்கள் 51.9 விழுக்காடு, இருக்கச் சொன்னவர்கள் 48.1. பவுண்டு விழுந்தது, நம்மூர்ப் பங்குச் சந்தையும் விழுந்தது. பங்கில் பணம் போட்டிருந்த ஒரு மேலதிகாரி டிபன்பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "கைநாட்டுங்ககிட்டல்லாம் ஓட்டைக் குடுத்தா இப்படித்தான் சார் ஆகும். அங்கயும் அதே கதைதான்."

'அங்கயும்' என்பதில் ஒரு 'உம்' இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லண்டனில் படித்தவர்கள் பேசியதும் இதேதான். விவரம் கெட்ட சனங்களிடம் இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது என்றார்கள். ஓட்டுப் போட்ட பிறகு கூகுளில் 'ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன' என்று தேடினார்களாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மறுவாக்கெடுப்பு கேட்டு 40 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கேட்கட்டும், அது அவர்கள் உரிமை. கேட்ட வாயோடு சேர்ந்து வந்த ஏளனம்தான் நமக்குப் பழகிய நாற்றம். ஜேசன் பிரென்னன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் அறிந்தவர்களின் ஆட்சிதான் மேல் என்று அதே 2016இல் ஒரு புத்தகமே போட்டார். அறிந்தவர்களின் ஆட்சி! நமக்குத் தெரியாததா? ரெண்டாயிரம் வருசமா அதுங்கீழதானே கிடந்தோம்.

இது இன்றைக்கு முளைத்த பேச்சல்ல. 1861இல் ஜான் ஸ்டுவர்ட் மில் படித்தவனுக்குக் கூடுதல் ஓட்டு வேண்டும் என்று எழுதினார். சுதந்திரம் பற்றி நூல் எழுதிய அதே மில்தான், கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் 35 வருடம் சம்பளம் வாங்கியவர். 1866இல் ராபர்ட் லோ, தொழிலாளியை அறிவில்லாதவன், குடிகாரன் என்று நாடாளுமன்றத்திலேயே ஏசி, ஓட்டுத் தரக்கூடாது என்றார். வேலை செய்கிற ஆண்களெல்லாம் ஓட்டுப் பெற 1918 ஆனது. ஆணுக்குச் சமமாகப் பெண் ஓட்டுப் பெற 1928 ஆனது. அதன் பிறகும் பல்கலைக்கழகப் பட்டதாரிக்குத் தனியாக ஒரு இரண்டாவது ஓட்டு இருந்தது. 1948இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதே அளவுகோலைத்தான் வெள்ளைக்காரன் இங்கேயும் கொண்டுவந்து வைத்தான். சொத்து இருந்தால் ஓட்டு, வரி கட்டினால் ஓட்டு, படித்திருந்தால் ஓட்டு. 1935 சட்டப்படிகூட மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத்தான் ஓட்டு. இங்கிருந்த படித்த சாதிகளுக்கு அது வசதியாக இருந்தது. 1928இல் சைமன் கமிஷனிடம் பாபாசாகேப் அம்பேத்கர் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாததைக் காட்டி ஓட்டை மறுக்காதே என்று வாதிட்டார். பள்ளிக்கூடத்து வாசலை அடைத்தவனே 'உனக்குப் படிப்பில்லை, உனக்கெதுக்கு ஓட்டு' என்று கேட்டால் அது என்ன நியாயம்?

இந்தக் கதை முடிந்துவிட்டதா? குறைந்தபட்சப் படிப்பு இல்லாதவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கவே கூடாது என்று 2015இல் அரியானா சட்டம் போட்டது. அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதிகம் அடிபட்டது தலித் பெண்கள். எங்கள் மேலதிகாரியின் டிபன்பாக்ஸ் தத்துவம் ஏற்கனவே சட்டமாகிவிட்டது தோழர்களே.

சரி, பிரிட்டனில் நடந்த கேடுக்குக் கைநாட்டா காரணம்? வாக்கெடுப்பை அறிவித்த டேவிட் கேமரூன் ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு. விலகினால் வாரம் 35 கோடி பவுண்டு மிச்சம், அதை மருத்துவத்துக்குத் தரலாம் என்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராகப் போன கூட்டத்தின் முகம் போரிஸ் ஜான்சன். அவரும் ஈட்டன், அவரும் ஆக்ஸ்போர்டு. கப்பல் பட்டறையும் நிலக்கரிச் சுரங்கமும் மூடிப்போன சண்டர்லாண்டில் 61 விழுக்காடு விலகச் சொன்னார்கள், உண்மை. வசதியான ஹாம்ப்ஷயரும் எசெக்ஸும்கூடத்தான் விலகச் சொன்னது. அதை ஏன் யாரும் ஏளனம் பேசவில்லை?

நாடாளுமன்றத்தைக் கேட்காமல் விலக முடியாது என்று வழக்குப் போட்டு வென்றவர் ஜினா மில்லர், கயானாவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். அவரை வண்டியேற்றிக் கொல்பவனுக்கு 5,000 பவுண்டு தருவதாக எழுதி 2017இல் சிறை போனவன் யார்? சுரங்கத் தொழிலாளியா? பரம்பரைப் பட்டம் தாங்கிய ஒரு பிரபு. இனவெறிக்குப் பட்டப்படிப்பு மருந்து என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். பி.எச்டி. வாங்கினவன் சாதி பார்க்கிறதை நாம பார்த்ததில்லையா?

அதற்காக, மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று கைதட்டவும் நான் தயாராக இல்லை. இதை உழைக்கும் மக்களின் எழுச்சி என்று கொண்டாடியவர்கள் யாருடைய முதுகில் அது விழுந்தது என்று பார்க்கவில்லை. அகதிகள் வரிசையைக் காட்டிப் பயமுறுத்தும் சுவரொட்டியை நைஜல் ஃபராஜ் திறந்துவைத்தது ஜூன் 16. அன்றைக்குத்தான் ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டும் குத்தியும் கொன்றான். ஒரு வாரம் கழித்து, ஒரு தோட்டாகூடச் சுடாமல் வென்றோம் என்றார் ஃபராஜ்! அந்த ஜூலையில் பதிவான வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 விழுக்காடு கூடுதல். அங்கேயே வேலை செய்து வரி கட்டிய போலந்துக்காரனுக்கு இந்த வாக்கெடுப்பில் ஓட்டே இல்லை. யாரைத் துரத்த ஓட்டோ அவனுக்கு ஓட்டில்லை. ஊர் கூடி முடிவெடுக்கும், சேரிக்கு அங்கே இடமிருக்காது. இதுவும் நமக்குத் தெரிந்த கதைதான்.

இன்னொன்றும் கேளுங்கள். சாதிப் பாகுபாட்டையும் சமத்துவச் சட்டத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்று 2013இல் பிரிட்டன் நாடாளுமன்றம் அரசுக்குக் கட்டளையிட்டது. அங்கே வாழும் தலித்துகள் போராடி வாங்கியது அது. அரசு இழுத்தடித்தது. பிறகு ஊரைக் கருத்துக் கேட்டது. 16,000க்கு மேல் பதில் வந்தது. 2018 ஜூலையில், சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவியது. மக்கள் சொன்னால் சொன்னதுதான் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்த அதே தெரசா மே அரசுதான் நாடாளுமன்றம் சொன்னதைக் குப்பையில் போட்டது. சாதிக்காரனைக் கேட்டா சாதிக்கு எதிராகச் சட்டம் போடுவது?

ஆகவே நமக்கு இரண்டும் வேண்டும். பாபாசாகேப் 1928இல் ஓட்டை மட்டும் கேட்கவில்லை, அதோடு சேர்த்து நமக்கான தனி இடங்களையும் கேட்டார். ஓட்டு எல்லாருக்கும் வேண்டும், படித்தவன் படிக்காதவன் பேதம் கூடாது. எத்தனை தலை எண்ணினாலும் பறிக்க முடியாத பாதுகாப்பும் வேண்டும். முதலாவதை மறுப்பவன் மேட்டிமைக்காரன். இரண்டாவதை மறுப்பவன் பெரும்பான்மை வெறியன். பிரிட்டனில் இந்த இருவரும் எதிரெதிரே நின்று கத்தினார்கள். நாம் இருவரோடும் சேரத் தேவையில்லை.

அன்றைக்கு நான் அந்த மேலதிகாரிக்குப் பதில் சொல்லவில்லை. சோத்தை முழுங்கிட்டு எழுந்துட்டேன். கவுண்டரில் ஒரு கிழவி நூறுநாள் வேலைக் கூலி எடுக்க நின்றிருந்தாள். மைப்பெட்டியை நீட்டினேன். பெருவிரலை ஒத்தி எடுத்துவிட்டு, ரூபாயை மூன்று தடவை எண்ணினாள். ஒரு நோட்டு குறைந்தது. என் கணக்குதான் தப்பு, அவள் கணக்கு சரி.

அந்தக் கைநாட்டுக்குத்தான் ஓட்டு கூடாதாம்!