அலுமாரியைக் கழற்றுங்கள், உடைக்காதீர்கள்



புத்தளத்து வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பும் குடும்பங்களும், சோனகதெருவுக்குள்ளேயே வாடகை வீடு மாறும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. படுக்கையறைச் சுவரோடு சேர்த்து அடித்த அலுமாரியைக் கடைசி நாள்வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். லொறி வாசலில் வந்து நின்றதும் அலவாங்கால் நெம்புகிறார்கள். பாதிப் பலகை பிளந்துபோகிறது. சுவர்ப் பூச்சும் கூடவே வருகிறது.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். பல வருடங்களின் பின் வந்து பார்த்தபோது பல வீடுகளில் கதவு, யன்னல், கூரை மரம் எதுவும் இருக்கவில்லை. முகாமில் வளர்ந்த எங்கள் வயதினர் அந்த வீடுகளை வெறும் சுவர்களாகத்தான் முதலில் கண்டோம். யார் கழற்றினார்கள் என்பது வேறு கதை. இன்று இரண்டு மாத அவகாசம் இருந்தும் நமது பொருளை நாமே உடைப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

நல்ல ஓடாவி சுத்தியலைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் லாச்சிகளையும் தட்டுகளையும் வெளியே எடுக்க வேண்டும். பிறகு கதவுகள். பிணைச்சலைக் கழற்றும்போது ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் கடைசித் திருகாணி பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். சுவரும் பலகையும் சேரும் இடத்தில் பெயின்ற் ஒட்டியிருக்கும். அந்தக் கோட்டைப் பிளேட்டால் கீறிவிட்டால் பூச்சு பெயராது. திருகாணிகள் சட்டங்களுக்குப் பின்னாலும் சிறிய மூடிகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். பலகை வரவில்லை என்றால் எங்கோ ஒன்று மிச்சம் இருக்கிறது, இழுக்காமல் தேடுங்கள். நமது உப்புக்காற்றில் துருப்பிடித்ததற்கு முதல்நாள் இரவே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். காலையில் முதலில் சற்று இறுக்கி, அதன்பின் தளர்த்தினால் தலை தேயாது. கடையில் வாங்கிப் பொருத்தியதென்றால் மூலைகளில் வட்டப் பூட்டு இருக்கும். இடப்பக்கம் பாதிச் சுற்றுத் திருப்பினால் விட்டுவிடும்.

அலுமாரியை நேராக நிறுத்தி வைத்திருப்பது பின்பலகைதான். அதை எடுத்ததும் முழுச் சட்டமும் ஆடும், அந்த நேரத்தில் இருவர் வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் இலக்கம் எழுதி, போனில் படமும் எடுத்துவிடுங்கள். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு, அந்தந்தப் பலகையின் இலக்கத்தையே எழுதுங்கள். (மாணவர்களின் விடைத்தாள் கட்டுவதுபோலத்தான்!)

தேக்கு, வேம்பு என்றால் இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டலாம். சிப்போட் அப்படியல்ல. அதன் திருகாணித் துளை ஒருமுறை பெருத்தால் பிடிக்காது; தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளையை நிரப்பி, காய்ந்தபின் முறுக்க வேண்டும். நனைந்தால் ஊதிவிடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் ஏற்றுவதானால் பொலித்தீனால் சுற்றி, படுக்கப் போடாமல் நிறுத்தி ஏற்றுங்கள்.

ஓடாவிக்கு ஒரு நாள் கூலி அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். புதிய அலுமாரி என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சுவரில் அடித்த அலுமாரி யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் இந்தப் பேச்சை எடுத்தால் வீட்டுக்காரரோடு முகம் முறிந்துதான் வெளியே வரவேண்டியிருக்கும்.