வெள்ளையடித்த சுவர் சொல்வது

பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஓர் அக்கிரகார வீடு விலைக்கு வரும்போது, வாங்குபவர் வந்து பார்ப்பதற்கு முன்னால் அங்கே ஒரு சிறிய ஒப்பனை நடக்கிறது. திண்ணை கழுவப்படுகிறது. மரத்தூண்களுக்கு எண்ணெய் பூசப்படுகிறது. ரேழியில் பல காலமாகக் கிடந்த உடைந்த நாற்காலியும் பழைய செய்தித்தாள் கட்டுகளும் கொல்லைப்புறம் போகின்றன. கூடத்துச் சுவருக்குப் புது வெள்ளை. வருபவர் அமர்வதற்கு ஊஞ்சல் துடைத்து வைக்கப்படுகிறது. வாசலில் அன்று கோலம் சற்றுப் பெரிதாகவே விழுகிறது.

இதில் பழிக்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் கடல் கடந்தும் குடியேறிவிட்ட பிறகு, முதிய பெற்றோரிடம் எஞ்சியிருக்கும் ஒரே பெருஞ்சொத்து பெரும்பாலும் அந்த வீடுதான். குப்பையும் இருட்டும் காரணமாக அதன் விலை குறைந்துவிடக் கூடாது என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. அமெரிக்காவில் 1970களிலிருந்து இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. வீட்டைக் காலி செய், வெளிச்சம் வர விடு, குடும்பப் புகைப்படங்களை எடுத்துவிடு, வருபவர் அங்கே தம் வாழ்க்கையைக் கற்பனை செய்துகொள்ளட்டும் என்பது அத்தொழிலின் பாலபாடம்.

சிக்கல் வெள்ளையடிப்பதில் இல்லை; எதன்மேல் அடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் பெருமழையில் கல்பாத்திப்புழை கரைபுரண்டு பாலக்காட்டின் தாழ்வான குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அப்படி நீர் ஏறிய ஒரு வீட்டின் சுவரில் வெள்ளம் நின்ற மட்டம் பழுப்புக் கோடாகப் பதிந்திருக்கும். தூசி படிந்த சுவருக்கு வெள்ளையடிப்பது தூய்மை. அந்தக் கோட்டின்மேல் வெள்ளையடித்துவிட்டு வாய்மூடி நிற்பது வேறொன்று. இரண்டிலும் சுண்ணாம்பு ஒன்றே. சுவர் சொல்லும் செய்தி வேறு.

சுவர் பேசுமா என்று கேட்கலாம். பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்பதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரமே பிரித்துக் காட்டுகிறது. சொல்லப்படுவதும் உணர்த்தப்படுவதும் ஒன்றல்ல என்பதை மெய்யியலாளர் பால் கிரைஸ் 1975இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் விரித்துரைத்தார். பேசுபவர் வேண்டிய அளவு தகவலைத் தருவார் என்று கேட்பவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையின்மேல்தான் குறிப்புப் பொருள் எழுகிறது. வீடு பார்க்க வருபவரும் அதே நம்பிக்கையோடுதான் வாசற்படி ஏறுகிறார். ‘இங்கே வெள்ளம் வந்ததில்லை’ என்று எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. மாசற்ற சுவர் அதைச் சொல்லிவிடுகிறது. பொய் சொல்லாமலே பொய்யை நம்ப வைப்பதில் உள்ள வசதி இதுதான்: பின்னாளில் கேட்டால், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று கூறிவிடலாம்.

இந்த வசதியைச் சட்டம் நெடுநாளைக்கு முன்பே பறித்துவிட்டது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், விற்பவருக்கு ஒரு கடமையைச் சுமத்துகிறது. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைத் தாமே வெளிப்படுத்த வேண்டும். வெளிப்படுத்தாமல் விடுவது மோசடி என்றே அப்பிரிவு குறிக்கிறது. மௌனமும் ஒரு கூற்று என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது. கண்ணுக்குத் தெரிந்த குறையைச் சுண்ணாம்பால் தெரியாத குறையாக்கும்போது, விற்பவர் தம் கடமையைத் தாமே கூட்டிக்கொள்கிறார்.

அக்கிரகார வீட்டில் வெளிப்படுத்த வேண்டியவை பல. வரிசை வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்து நிற்பவை. ஒருவர் உத்தரத்தை மாற்றினால் பக்கத்து வீட்டுக் கூரை அதிரும். கல்பாத்தி பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருப்பதால் முகப்பை நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. தூணின் பளபளப்பைக் காட்டுபவர் இந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சொல்வதே முறை.

இடுக்கியின் மலைச்சரிவில் இதே நாடகம் வேறு வேடத்தில் நடக்கிறது. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே விலைக்கு வரும் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தால், அது பூச்சுவேலையின் குறையாகவும் இருக்கலாம். அடியில் மண் நகர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் சரிந்த மலை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடி எழுபது உயிர்களைக் கொண்டுபோனது. அந்த நிலத்தில் விரிசலுக்குப் புட்டி அடைத்து மேலே வண்ணம் தீட்டுவதை வெறும் அலங்காரம் என்று எவரால் சொல்ல முடியும்?

காகிதத்திலும் இவ்வாறே. 1964ஆம் ஆண்டின் கேரள நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பட்டயம் பெற்ற நிலம் பயிர்செய்யவும் குடியிருக்கவும் தரப்பட்டது. அந்நிலத்து வீட்டில் அறைதோறும் குளியலறை கட்டி, பள்ளத்தாக்கு நோக்கி முகப்பு மாடம் எழுப்பி, விருந்தினர் அறைபோல மெத்தை விரித்துக் காட்டினால், ‘தங்கும் விடுதி நடத்தலாம், வருமானம் வரும்’ என்று வீடே சொல்லிவிடுகிறது. பட்டயம் அதைச் சொல்வதில்லை. இத்தகைய மீறல்களை முறைப்படுத்த வழிதேடிக் கேரளச் சட்டமன்றம் 2023இல் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. ஆனால் எந்த வீடும் அதனால் தானாகவே முறையாகிவிடாது. தமிழில் ‘வில்லங்கம்’ என்ற சொல் பத்திரத்தின் மீதான பொறுப்பையும் அன்றாடத் தொல்லையையும் ஒருங்கே குறிப்பது தற்செயலன்று.

இன்னும் ஒரு பூச்சு உண்டு. அது வரலாற்றின்மேல் பூசப்படுவது. அக்கிரகார வீட்டின் விலையைக் கூட்டும் சொல் ‘பாரம்பரியம்’. தேர், ஆறு, கோயில், திண்ணை ஆகிய யாவும் அச்சொல்லுக்குள் அழகாக அடங்குகின்றன. 1924 தேர்த் திருவிழாவில் கல்பாத்தித் தெருவில் நடக்க முயன்ற ஈழவர்கள் தாக்கப்பட்டது மட்டும் அடங்குவதில்லை. பொதுச் சாலைகள் எல்லாருக்கும் உரியவை என்று சென்னை மாகாண அரசு அதே ஆண்டில்தான் ஆணையிட்டிருந்தது. திண்ணையின் அழகை விலையில் சேர்ப்பவர், அத்திண்ணை யாருக்கெல்லாம் எட்டாததாக இருந்தது என்பதையும் அறிந்திருப்பது நேர்மை. வாங்க வருபவரின் சாதியை விசாரிக்கும் நாக்கு இன்றும் எங்கேனும் எழுமானால், மறைக்கப்பட்ட அந்தக் கோடு வெள்ளத்தின் கோட்டைவிட ஆழமானது.

அப்படியானால் வீட்டை எப்படிக் காட்டுவது? கழுவலாம், துடைக்கலாம், சன்னல்களைத் திறக்கலாம், ஒழுகும் ஓட்டை மாற்றலாம், கோலமும் போடலாம். அவற்றோடு ஊஞ்சல்மேல் ஒரு தாளையும் வைக்கலாம்: நீர் எதுவரை ஏறியது, எந்தச் சுவர் பொதுச்சுவர், எந்த விரிசல் எப்போது அடைக்கப்பட்டது, பட்டயம் எதற்கு இடம் தருகிறது, எதற்குத் தரவில்லை. இதனால் விலை சற்றுக் குறையலாம். குறையும் தொகை, மறைத்திருந்தால் இன்னொரு குடும்பம் தன் சேமிப்பிலிருந்து கட்டியிருக்கும் தொகைதான். அதை யார் சுமப்பது என்பதே இங்குள்ள கேள்வி. தெரிந்தவர் சுமப்பதுதான் நியாயம்.