ஸ்பரிசமும் சம்மதமும்

வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தபோது, அந்த ஒரு ஸ்பரிசத்தில் இரண்டு காரியங்கள் நிறைவேறின: உடலின் நிலை வைத்தியருக்குத் தெரிந்தது, கையை நீட்டியதனாலேயே நோயாளியின் சம்மதமும் தெரிந்தது. உடலைத் தொடாமலேயே இருதயத்தின் மின்துடிப்பை அறியும் உணரிகள் உருவாகிவரும் இந்நாளில், முதற் காரியத்தை விஞ்ஞானம் நிறைவேற்றும் நேர்த்தியைப் போற்றுகிற நாம், இரண்டாவது காரியம் எவ்வாறு நிறைவேறும் என்பதையும் சிந்தித்தாக வேண்டும்.

மனித இருதயத்தின் மின்சாரத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்யலாம் என்பதை 1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் காட்டினார். பின்னர் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐன்தோவன் இழைக் கால்வனாமீட்டரை அமைத்து, மருத்துவர்கள் இன்றும் வாசிக்கும் ஈ.சி.ஜி. கோட்டுக்கு உருவம் தந்து, 1924-ல் நோபல் பரிசும் பெற்றார். சுமார் 270 கிலோ எடையுள்ள அவ்வியந்திரத்திற்காக நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும். காலப்போக்கில் பாத்திரங்கள் மறைந்து, களிம்பு தடவி மார்பில் ஒட்டும் வில்லைகள் வந்தன. ஆயினும், உடலில் அயனிகள் சுமக்கும் மின்சாரத்தைக் கம்பியிலுள்ள எலெக்ட்ரான்களிடம் ஒப்படைக்க அந்த ஈரம் தேவையாகவே இருந்தது.

தொடா உணரியின் தத்துவமோ வேறு. உலோகத் தகடு ஒருபுறமும் உடல் மறுபுறமும் நிற்க, இடையிலுள்ள சட்டைத் துணியும் காற்றும் மின்காப்பாக அமைந்து, யாவும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. தோலின் மின்னழுத்தத்தில் நேரும் மாறுதல் அவ்விடைவெளியைத் தாண்டித் தகட்டில் பிரதிபலிக்கிறது. அம்மாறுதல் சுமார் ஒரு மில்லிவோல்ட்தான் என்பதால், அதை உறிஞ்சி அழித்துவிடாத, மிக உயர்ந்த உள்ளீட்டுத் தடையுள்ள பெருக்கி இன்றியமையாததாகிறது. அத்தகைய கருவியைக் கொண்டு, இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஒரு மீட்டர் தூரத்திலிருந்தே இருதயத் துடிப்பை அறிந்ததாக 2002-ல் அறிவித்தனர். ஜெர்மனியின் ஆகென் நகரிலும் தென்கொரியாவின் சியோலிலும் சாதாரண நாற்காலியே உடுப்பின் வழியாக ஈ.சி.ஜி. பதிவு செய்யும்படி அமைக்கப்பட்டது.

இதில் இடர்கள் இல்லாமல் இல்லை. நோயாளி சற்று அசைந்தாலும் இடைவெளி மாறி, துணி உராய்ந்து, இருதயக் குறியைவிடப் பெரிய அலை எழுகிறது; சுவரில் ஓடும் மின்கம்பியின் இரைச்சலும் வந்து கலக்கிறது. நுட்பமான ரோக நிர்ணயத்திற்கு ஒட்டும் வில்லையே இன்னும் நம்பகமானது. எனினும், வில்லையை உரித்தெடுக்கையில் தோலும் உடன் பெயரக்கூடிய குறைமாதச் சிசுவுக்கும், வில்லை ஒட்ட இடமில்லாத தீப்புண் நோயாளிக்கும் இக்கருவி அளிக்கக்கூடிய நிம்மதி ஒன்றே அதன் பின்னுள்ள உழைப்புக்கெல்லாம் போதிய நியாயமாகும்.

ஆனால், சிசுவின் படுக்கையில் கருணையாக விளங்கும் அதே தகடு, அலுவலக நாற்காலியிலோ வாகன இருக்கையிலோ மறைந்திருக்குமாயின், அது கருணையன்று, ஒற்று. இருதயக் கோடு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், நோயை மட்டுமன்றி ஆளையே அடையாளம் காட்டவும் அது உதவும் என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வில்லை ஒட்டப்படுகிறவர் தாம் அளக்கப்படுவதை அறிவார். நாற்காலியில் அமர்கிறவர் அறியார். ஆகவே, தொடாமல் அளக்கும் எந்தக் கருவியும் தான் அளப்பதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும்; அமர்கிறவரே இயக்கினாலன்றி விழிக்கலாகாது; அவர் வேண்டாமென்றால் அந்தப் பதிவு அழிய வேண்டும். சிசுவைப் போல் தானே சம்மதம் சொல்ல இயலாதவரிடத்தில் பெற்றோரின் சம்மதமும், சிகிச்சை ஒன்றே நோக்கம் என்ற வரம்பும் வேண்டும்.

இவற்றைச் சட்டம் பிற்பாடு வந்து சேர்க்கட்டும் என்று விட்டுவிடாமல், கருவியை வகுக்கிறவர்களே அதன் முதல் வரைபடத்தில் சேர்க்க வேண்டும். தோலுக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்து ஈரத்தை நீக்கும் வழியை அவர்கள் கண்டுவிட்டார்கள். நீட்டிய கை சொல்லிவந்த சம்மதத்தையும் அதனுடன் நீக்கிவிடாதிருப்பது அவர்களுடைய கடமை.