ஆற்றுப்படுத்துவார் யார்?

தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளிலே இப்பொழுது அடிக்கடி ஒலிக்கின்ற சொல் ‘நெட்வேர்க்கிங்’ என்பது. அதனை ‘வலையமைத்தல்’ என்று தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். வலை என்றவுடன் எனக்குப் பாசையூர்க் கடற்கரைதான் நினைவுக்கு வருகின்றது. வலை விரிப்பவன் ஒருவன், அகப்படுவது மீன். விரித்தவனுக்கு ஊதியம், அகப்பட்டதற்குக் குழம்புச் சட்டி. மனிதர் மனிதரோடு கொள்ளுந் தொடர்புக்கு இந்தப் பெயர் பொருந்துமா? அச்சொல்லோடு இரட்டைப் பிள்ளையாகப் பிறந்து வருவது ‘தகவல் நேர்முகம்’ என்பது. வேலை கேட்டுச் செல்லாமல், அந்த வேலையில் இருக்கும் ஒருவரை அணுகி, அவ்வேலை எத்தன்மையது, அதற்கு அவர் வந்த வழி யாது என்று இருபது முப்பது நிமிடம் கேட்டறிந்து மீளுதலே தகவல் நேர்முகம்.

விளையாட்டுத் துறையில் உத்தியோகம் பெற விரும்பும் இளைஞர்களுக்கு அமெரிக்காவிலே முதன்முதலிற் சொல்லப்படும் புத்திமதி இவ்விரண்டுந்தான். அங்கே வாழ்கின்ற என் பழைய மாணாக்கர் ஒருவரின் மகன் அத்துறையில் நாட்டமுடையவன். “பலருடைய வாசலிலும் ஏறி இறங்கச் சொல்லுகிறார்கள். இது இரத்தல் அல்லவா, ஐயா?” என்று தந்தையார் எனக்கு எழுதினார். அவருக்கு எழுதிய மறுமொழியைச் சற்று விரித்து இங்கே தருகின்றேன்.

பொருள் கேட்டல் வேறு. வழி கேட்டல் வேறு. இந்த வேறுபாட்டை நம்மவர் நன்கு அறிந்திருந்தார்கள். அறிந்தது மாத்திரமன்று, அதனை ஒரு துறையாகவும் வகுத்தார்கள். தொல்காப்பியர் புறத்திணையியலிலே, பாடாண் திணையின்கண், ஆற்றுப்படைக்கு இலக்கணங் கூறுகின்றார். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் புரவலன் ஒருவனிடம் பரிசில் பெற்று மீள்கிறார்கள். வழியிலே தம்மைப் போன்ற வறியவர் எதிர்ப்படுகிறார்கள். பெற்றவர் தாம் பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு அறிவித்து, அவரும் சென்று பெறுமாறு வழிப்படுத்துகின்றார். ஆறு என்பது வழி. பத்துப்பாட்டிலே சரிபாதி, அஃதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. முருகாற்றுப்படை வீட்டு நெறி பற்றியது; அதனை ஒதுக்கினாலும் மற்றை நான்கும் வயிற்றுப்பாட்டைப் பற்றியவைதாம். இதில் எவருக்காவது இழிவு தோன்றியதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இந்தக் காரியத்துக்குப் பெயரும் பரவலும் கொடுத்தவர் றிச்சர்ட் போல்ஸ் என்னும் கிறிஸ்தவ குருவானவர். வேலையிழந்துகொண்டிருந்த பல்கலைக்கழக மதகுருமாருக்கு உதவும்பொருட்டு, 1970இல் ‘உங்கள் பாராசூட் என்ன நிறம்?’ என்றொரு நூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். 1972இல் ஒரு பதிப்பகம் அதனை ஏற்றுக்கொண்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திராதே. உனக்கு விருப்பமான தொழிலைச் செய்கிறவரைப் போய்க் கண்டு கேள். கேட்டபின் அவரைப்போல் இன்னும் இரண்டொருவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு வா என்பது அவர் முறை. பாடாண் திணையை அவர் படித்திருக்க நியாயமில்லை.

விளையாட்டுத் துறைக்கு இம்முறை பெரிதும் வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆடுகளத்தில் நிற்பவர்களை உலகம் அறியும். அவர்களுக்குப் பின்னால் நின்று நுழைவுச்சீட்டு விற்பவர், பயண ஒழுங்கு செய்பவர், ஆட்டங்களைப் படமெடுத்து ஆராய்பவர், புள்ளி கணிப்பவர், ஒப்பந்தம் எழுதுபவர் எத்தனை பேர்! இவர்களுக்கெனப் படிப்பொன்று வேண்டும் என்ற எண்ணம், 1957இல் புறூக்ளின் டொட்ஜர்ஸ் என்ற பேஸ்போல் கழகத்தின் தலைவர் வோல்டர் ஓ’மாலிக்கும் ஜேம்ஸ் மேசன் என்னும் ஆசிரியருக்குமிடையே எழுந்தது. அதன் பயனாக 1966இல் ஒகையோ பல்கலைக்கழகத்திலே விளையாட்டு நிருவாகத்துக்கு முதுமாணி வகுப்புத் தொடங்கிற்று. பின்னர் அத்தகைய வகுப்புகள் நாடெங்கும் பெருகின. பட்டம் பெற்றவர் பெருகிய அளவுக்கு வாயில்கள் பெருகவில்லை. பேஸ்போலின் பெருங்கழகங்கள் 30. அவற்றுக்குப் பொது முகாமையாளர்களும் 30 பேரே. (பேஸ்போல் ஆட்டத்தின் விதிகளை எனக்கு விளங்கப்படுத்த முயன்று சிலர் தோற்றிருக்கிறார்கள். கிட்டிப்புள்ளுக்குத் தூரத்து உறவு என்ற அளவில் நான் அமைதி அடைந்துவிட்டேன்.) இந்த நெருக்கத்தில் வெற்றிடங்கள் பத்திரிகைக்கு வருமுன்னரே வாய்மொழியில் நிரம்பிவிடுகின்றன.

வாய்மொழி என்றால் எவர் வாய்மொழி? இங்கேதான் என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி இருக்கின்றது. மார்க் கிரனோவெட்டர் என்னும் சமூகவியலாளர், மசாசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறிய 282 பேரை ஆராய்ந்தார். நூற்றுக்கு 56 பேர் அறிமுகமானவர் வாயிலாகவே வேலை பெற்றிருந்தார்கள். இது எதிர்பார்க்கக் கூடியதே. அந்த அறிமுகம் எத்தகையது என்று நேரிற் கண்டு வினவியபோது, அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர் நூற்றுக்கு 17க்கும் குறைவு. இடையிடையே சந்திப்பவர் மூலம் பெற்றவர் ஏறத்தாழ 56. ஆண்டுக்கொரு தரம், அல்லது அதுவுமில்லாமல் சந்திப்பவர் மூலம் பெற்றவர் ஏறத்தாழ 28. இக்கருத்தை அவர் 1973இலே கட்டுரையாகவும், 1974இலே நூலாகவும் வெளியிட்டார். நெருங்கிய உறவினரும் நண்பரும் நம்மீது அன்புடையவர். ஆனால் நாம் அறிந்ததையே அவரும் அறிவர். தூரத்துப் பழக்கமுள்ளவன் வேறோர் ஊரிலிருந்து வருகிறான். அவன் கையிலே புதிய செய்தி இருக்கின்றது.

தொல்காப்பியர் கூறும் காட்சியை மறுபடி பாருங்கள். பாணன் தன் சுற்றத்தாரிடம் வழி அறியவில்லை. அவர்களும் அவனோடு சேர்ந்தே பசித்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த வாசல்களே அவர்களுக்கும் தெரிந்தவை. எதிரே வந்த அயலான் ஒருவன்தான் அவனுக்கு வழி சொல்கிறான். காட்சி வீட்டில் நிகழாமல் வழியில் நிகழ்வதாக வைத்ததன் நுட்பத்தை, இத்தனை ஆண்டு இப்பகுதியைக் கற்பித்த எனக்கு, அமெரிக்கர் ஒருவரின் கணக்கு வந்துதான் துலக்கிற்று.

இனி, வழி சொல்லுகிறவன் எவற்றையெல்லாம் சொல்லுகிறான்? ‘நன்னனிடம் போ, பொன் தருவான்’ என்று சொல்லிவிட்டு மலைபடுகடாம் முடிந்துவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் பள்ளம் எது, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று வழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராக நிறுத்தி, அங்கங்கே கிடைக்கும் உணவையும் சொல்லித்தான் நல்லியக்கோடனிடம் சேர்க்கின்றது. தகவல் நேர்முகத்திலே கேட்க வேண்டியதும் இதுவே. சம்பளம் எவ்வளவு என்பது ஈற்றில் வரட்டும். பிறருக்கு விடுமுறை நாள் எதுவோ அதுவே விளையாட்டுக் கழகத்தாருக்கு வேலைநாள். அதனைக் குடும்பம் பொறுக்குமா? முதல் உத்தியோகம் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு விற்பதாயிருக்கும். நாள் முழுதும் தொலைபேசியில் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டும் முகம் வாடாதிருக்க முடியுமா? இவற்றைப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் எழுதமாட்டார்கள். வழிநடந்தவனிடம் கேட்க வேண்டும்.

வழி கேட்க வந்தேன் என்று படலையைத் திறந்து உள்ளே வந்து, திண்ணையில் இருந்தவுடன் விண்ணப்பத்தை நீட்டுகிறவர்களும் உண்டு. அது வலைதான், அந்தப் பெயரை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

உதாரணத்துக்கு மூவரைச் சொல்லுகிறேன். தியோ எப்ஸ்டைன் என்பார் யேல் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது பால்டிமோர் ஓரியோல்ஸ் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே அதனைக் கவனித்தவர் அதே பல்கலைக்கழகத்தில் முன்னர் பயின்ற கால்வின் ஹில். கோடைகாலப் பயிலுநர் இடம் கிடைத்தது. அங்கே பழக்கமான லாரி லுக்கீனோ சான் டியேகோவுக்குப் போனபோது எப்ஸ்டைனும் சென்றார். பொஸ்டனுக்குப் போனபோது அங்கும் சென்றார். 2002 நவம்பரில், 28 வயதில், பொஸ்டன் ரெட் சொக்ஸ் கழகத்தின் பொது முகாமையாளர் ஆனார். 86 ஆண்டு கிட்டாதிருந்த வெற்றிக் கிண்ணம் 2004இல் பொஸ்டனுக்குக் கிட்டிற்று. ஒரு கடிதத்திலிருந்து பிறந்த கதை இது. ஆயினும் கடிதம் எழுதியவரும் வாசித்தவரும் ஒரே கல்லூரியின் பிள்ளைகள் என்பதை நாம் மறக்கலாகாது.

பில் ஜேம்ஸ் என்பாருக்கு அத்தகைய கல்லூரியுமில்லை, கடிதம் வாசிக்க ஆளுமில்லை. கன்சாஸ் மாநிலத்திலே, பன்றியிறைச்சியும் அவரையும் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையொன்றில் இரவுக் காவலாளராக இருந்தவர். காவலிருந்த இரவுகளிலே பேஸ்போல் எண்களை ஆராய்ந்து, 1977இல் தாமே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். விற்பனையானவை எழுபத்தைந்து பிரதிகள் வரையில். ஆண்டுதோறும் எழுதினார், வாசகர் பெருகினர். அவ்வாசகருள் ஒருவரான ஜோன் ஹென்றி ரெட் சொக்ஸ் கழகத்தை வாங்கியபின், 2002இன் இறுதியிலே அக்கழகம் ஜேம்ஸை ஆலோசகராக அமர்த்திற்று. கால் நூற்றாண்டு! அறிமுகமில்லாதவனுக்கு அவன் செய்த வேலையே தூது போகும் என்பது உண்மை. ஆனால் அத்தூது எவ்வளவு மெல்ல நடக்கிறது என்பதையும் பாருங்கள்.

மூன்றாமவர் கிம் இங். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மென்பந்து ஆடியவர். 1990இல் சிக்காகோ வைட் சொக்ஸ் கழகத்திலே பயிலுநராகச் சேர்ந்தவர். பின்பு நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் துணைப் பொது முகாமையாளராக இருந்தார். அத்துறையில் அவரை அறியாதவரில்லை. 2005 முதல் பொது முகாமையாளர் பதவிக்குப் பல கழகங்கள் அவரை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தன. அழைத்தன, அமர்த்தவில்லை. 2020 நவம்பரில்தான் மயாமி மார்லின்ஸ் அவரை அப்பதவியில் அமர்த்திற்று. பேஸ்போல் பெருங்கழகமொன்றின் பொது முகாமையாளரான முதற் பெண் அவரே. எப்ஸ்டைனுக்கு 28 வயதிற் கிடைத்தது இவருக்கு 51 வயதிற் கிடைத்தது.

ஆகவே தொடர்பு இருந்தாற் போதும் என்று பிள்ளைகளுக்கு உரைப்போர் பாதி உண்மையையே உரைக்கிறார்கள். வழி தெரிந்திருந்தும் வாயில் அடைத்திருக்கலாம். ஊதியமின்றிப் பயிலுநராக இருக்க வேண்டுமென்றால், தந்தை வீட்டில் அரிசி இருப்பவனே இருக்க முடியும். வாய்மொழியால் நிரம்பும் பதவிகள் ஒரே குலத்தார், ஒரே கல்லூரியார், ஒரே நிறத்தார் வட்டத்துக்குள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் காற்பந்துக் கழகங்கள் தலைமைப் பயிற்றுநரைத் தெரியும்போது சிறுபான்மை இனத்தவர் ஒருவரையேனும் நேர்முகத்துக்கு அழைக்க வேண்டுமென்று 2003இல் விதி செய்ய நேர்ந்தது இதனால்தான். பெற்றவன் தன் சுற்றத்தானுக்கு மாத்திரம் சொன்னால் அது ஆற்றுப்படையாகாது. அதற்கு நம் ஊரிலே வேறு பெயர் உண்டு. சிபாரிசு.

நம் ஊர்ப் பேச்சு வந்துவிட்டபடியால் ஒன்று சொல்லுகிறேன். இங்கே உத்தியோகம் என்றதும் தந்தையர் கேட்பது ‘யாரைப் பிடிக்கலாம்?’ என்பது. மானமுள்ள பிள்ளை இதனை வெறுக்கிறான். வெறுத்து, எவரிடமும் எதுவும் கேளாமல், பெறுபேற்றுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான். பிடிப்பதற்கும் முடங்கியிருப்பதற்கும் நடுவே வழி கேட்டல் என்ற ஒன்று இருப்பதை அவனுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய மாணவர் சங்கங்கள் பெருமனதோடு விளையாட்டு மண்டபம் கட்டுகின்றன, மலர் வெளியிடுகின்றன, விருந்து வைக்கின்றன. கடல் கடந்து சென்றவர்களுள் விளையாட்டு மருத்துவம், பயிற்சி, ஒளிபரப்பு, நிருவாகம் முதலிய துறைகளில் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பிள்ளைகளுக்கு முப்பது முப்பது நிமிடம் ஒதுக்கினால், அது மண்டபத்திலும் குறைந்த செலவு. அந்தப் பிள்ளைகள் தம் கல்லூரியினராகவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை மாத்திரம் விட்டுவிட வேண்டும். பாணன் எதிர்ப்பட்டவனிடம் ‘நீ எந்தப் பாடசாலை?’ என்று கேட்டதாக நூலில் இல்லை.

இவ்வாண்டு ஆற்றுப்படை பாடம் முடிந்தபின், வழமையான வினாத்தாளை விடுத்து, என் வகுப்பாருக்கு வேறொரு பயிற்சி கொடுத்தேன். விளையாட்டைச் சார்ந்து பிழைக்கும் ஒருவரை, உறவினர் அல்லாத ஒருவரை, தேடிக் காணவேண்டும். எதுவும் வேண்டாமல் வழி மாத்திரம் கேட்கவேண்டும். வந்து ஆற்றுப்படையாக உரைநடையில் எழுதவேண்டும். நடுவர் ஒருவர், பத்திரிகை விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர், உடற்கல்வி ஆசிரியை ஒருவர் என்று பலரைக் கண்டு எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மைதானம் பராமரிப்பவரிடம் போயிருக்கிறாள். ஆடுகளத்துக்கு எப்பொழுது தண்ணீர் விடுவது, உருளையை எத்தனை தரம் இழுப்பது, மழைக்கறுப்புக் கண்டால் படங்கை எந்தப் பக்கத்திலிருந்து மூடுவது என்று அவர் ஒன்றரை மணி நேரம் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டில் ஒருவரும் தம்மிடம் இவற்றைக் கேட்டதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். புறப்படும்போது அவள் இன்னொருவர் பெயரைக் கேட்டிருக்கிறாள். கொழும்பிலே ஒரு மைதானத்தில் வேலை செய்பவர் பெயரையும், அவரிடம் எந்த நேரத்திற் பேசினாற் கோபிக்கமாட்டார் என்பதையும் எழுதிக்கொடுத்திருக்கிறார்.