உம்மாவுக்கு மிசின் வாங்கிக் கொடுத்தாச்சு, நம்பரை வாசிக்கிறது யார்?



கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறேன். யாருடைய மனதையும் நோகடிக்க அல்ல.

நம்மூரில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் சீனி பார்க்கிற மிசின் வாங்கி அனுப்புகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எத்தனை வீட்டில் அது பெட்டியோடு அலுமாரிக்குள் கிடக்கிறது? கேட்டால், "உம்மாக்குப் பார்க்கப் பஞ்சி" என்கிறோம்.

பஞ்சி இல்லை சகோதரர்களே. அவவுக்குக் கண் தெரியவில்லை!

அந்த வேலையை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். விரலில் குத்தி, வந்த துளியை மெல்லிய ஸ்ட்ரிப்பின் நுனியில் சரியாகப் பிடிக்க வேண்டும். சின்னத் திரையில் வருவது 108ஆ, 188ஆ என்று பிரித்தறிய வேண்டும். இன்சுலின் போடுபவர் என்றால் சிரிஞ்சில் உள்ள நுணுக்கமான கோடுகளையும் எண்ண வேண்டும். கண் மங்கியவர் கையில் இதைக் கொடுத்துவிட்டு "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" என்பது பராமரிப்பு அல்ல, கைகழுவல்.

இதில் ஒரு பொல்லாத சுற்று இருக்கிறது. சீனி கூடினால் விழித்திரை கெடுகிறது. கண் கெட்டால் சீனியைப் பார்க்க முடியாது. பார்க்காவிட்டால் சீனி இன்னும் கூடும். விழித்திரைப் பாதிப்புக்கு ஆரம்பத்தில் நோவும் இல்லை, மங்கலும் இல்லை. தெரிய வரும்போது நிறைய நடந்து முடிந்திருக்கும். 1998இல் வெளிவந்த பிரித்தானியாவின் யூ.கே.பி.டி.எஸ். ஆய்வு, சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு இரத்தக் குழாய்ப் பாதிப்பு 25 வீதம் குறைந்ததைக் காட்டியது. ஆக, இது விதி என்று விட்டுவிடுகிற விஷயம் அல்ல.

"மாசா மாசம் கிளினிக் போறாங்கதானே?" என்பீர்கள். கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, குளிசையை ஒழுங்காகப் போட்டு, நல்ல ரிப்போர்ட் எடுக்கிறோம். யாரை ஏமாற்றுகிறோம்? எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். கண்ணும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது.

இன்னொன்று, கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துக் காட்டுவது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது, கண் நன்றாகத் தெரிந்தாலும், மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். சீனி ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். அந்த நேரத்தில் செய்த கண்ணாடி பிறகு பொருந்தாமல் போகும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். பேரீச்சம்பழம் தொட்ட விரல் பொய்க் கணக்குச் சொல்லும். திகதி, நேரம், நம்பர் மூன்றையும் கொப்பியில் தடித்த பேனாவால் பெரிதாக எழுதுங்கள். தரம் 3 படிக்கும் பேரப்பிள்ளைக்கு மூன்று இலக்க எண் வாசிக்கத் தெரியும், நாங்கள் படிப்பித்துத்தான் அனுப்புகிறோம். ஆனால் இன்சுலின் அளவை வளர்ந்த ஒருவர் பார்த்து எடுக்க வேண்டும். எத்தனை தரம் சோதிப்பது, மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

விரலில் குத்துவதால் நோன்பு முறியாது. நோன்பில் 70க்குக் கீழே இறங்கினால் உடனே திறந்துவிட வேண்டும். அதை அறியவும் நம்பரை வாசிக்க ஒரு கண் வேண்டும்.

ஸ்ட்ரிப் விலை கூடத்தான். ஆனால் பள்ளிக்கு ஏசி போட ஒரே ஜும்ஆவில் காசு சேர்க்கிற ஊர் நாம். ஏழை வீட்டு உம்மாவின் ஸ்ட்ரிப்புக்கு அந்தக் கை நீளாதா?

நாம் எழுத்து வாசிக்கப் பழக விரல் பிடித்தவர்கள் அவர்கள். இன்று அவர்களுக்காக ஒரு நம்பரை வாசித்துச் சொல்ல நமக்கு நேரமில்லையா? அந்தப் பெட்டியை இன்றைக்கே திறவுங்கள்.