வடிவம் உரைத்த உண்மை

பொருள்கள் திண்மம், நீர்மம், வளிமம் என மூவகைப்படும் என்பது மாணவர் யாவரும் அறிந்ததே. இம்மூன்றனுள் அடங்காத நிலையும் ஒன்று உண்டு. 1888-ஆம் ஆண்டில் பிராக் நகரிலிருந்த தாவரநூல் அறிஞர் ரைனிட்சர் என்பார், கொலஸ்டிரைல் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று; 178.5 டிகிரியில் முற்றும் தெளிந்தது. நீர்மம்போல் ஓடியும் படிகம்போல் உள்ளொழுங்கு பெற்றும் விளங்கும் அக்கலங்கல் நிலையே நீர்மப் படிகம் எனப்படுகின்றது.

தாம்மன் முதலிய வேதியியலார் இதனை ஒப்பவில்லை; பிறபொருள் கலந்தமையால் நேர்ந்த கலங்கலே என்று வாதிட்டனர். பழைய வகுப்பினுள் அடங்காத ஒன்றைக் குறையுடையது என ஒதுக்குதல் எளிது. அதனை உற்று நோக்குதலோ அரிது.

அவ்வாறு உற்று நோக்கியவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் பிரீடல் ஆவார். அவரும் கிராண்ட்ஜான் என்பாரும் இத்தகைய நீர்மங்கள் சிலவற்றை உருப்பெருக்காடியில் ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1910-இல் வெளியிட்டனர். அந்நீர்மங்களுள் நீள்வட்டங்களும் அதிபரவளைவுகளும் இணையிணையாகத் தோன்றின. ஒவ்வோர் இணையும் ஒன்றற்கொன்று செங்குத்தான தளங்களில் அமைந்திருந்தது. ஒன்றன் குவியத்தின் வழியே மற்றொன்று சென்றது.

இத்துணை ஒழுங்கு தற்செயலாய் அமையுமோ? அமையாது. ஓலைச்சுவடியை வளைத்தால் ஏடுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கும். ஏட்டின் தடிப்போ மாறாது. இந்நீர்மத்தின் அடுக்குகளும் அத்தகையனவே. அவை வளையும், வழுக்கும். தம் இடைவெளியை மட்டும் மாற்றா. அங்ஙனம் வளையும் அடுக்குகளின் ஒழுங்கு குலையும் இடங்கள் கோடுகளாக ஒடுங்குமாயின், அக்கோடுகள் மேற்கூறிய வளைவுகளாகவே அமையும் என்பது வடிவகணிதத்தின் முடிபு. ஆதலின், அடுக்குகளைக் கண்ணாற் காணாமலே அவை உண்டு என 1922-இல் பிரீடல் துணிந்து உரைத்தார். சவுக்காரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இவ்வகைக்குப் பெயரும் இட்டார். ஈரச் சவுக்காரத்தின் அடியில் தேங்கும் வழுவழுப்பான குழம்பும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

மறு ஆண்டே, அவர் மகனார் எட்மண்டும் மோரிஸ் தெ பிராய் என்பாரும் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அடுக்குகள் உண்மையிலேயே சமதொலைவில் இருத்தலை மெய்ப்பித்தனர்.

சிறந்த கருவி இருந்தாலன்றி ஆராய்ச்சி இல்லை என்பாரும் உளர். கருவி வேண்டுவதே, எக்ஸ் கதிர் இன்றேல் பிரீடலின் கூற்று துணிபாகவே நின்றிருக்கும். ஆயினும், அக்கருவியைக் கொண்டு தேட வேண்டியது யாது என்பதை முன்னரே உணர்த்தியவை கூரிய நோக்கும் கணித அறிவுமே அன்றோ? கலங்கலை அழுக்கென்று தள்ளியிருந்தால் அவ்வளைவுகளை எவரும் கண்டிரார். கற்ற வகுப்பு பொருளுக்கு இணங்க மாறவேண்டுமேயன்றி, பொருள் வகுப்பிற்கு இணங்கவேண்டும் என்று எதிர்பார்த்தல் அறிவுடைமை ஆகாது.